மூட்டு மாத்தியாச்சு... அடுத்து என்ன?
(நலவாழ்வுப் பாடம்: ஆறாவது வாரம் முதல் ஒரு வருடம் வரை)



நம் கண்டரமாணிக்கம் வட்டாரத்தில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய உறுப்பினர்களில் முட்டிவலி இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, தண்ணீர்க் குடம் சுமந்து, அடுப்படியில் குந்தி உட்கார்ந்து தேய்ந்துபோன முட்டிகள் அவை. முன்பெல்லாம் "வயசாயிருச்சு, இனி இப்படித்தான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு கிடப்போம். இப்போது மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்கள் நம் கிராமங்களிலும் வந்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்வது என்று எல்லோரும் விசாரிக்கிறோம். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, காப்பீடு உண்டா என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். ஆனால் தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, பார்க்க வருகிற சொந்தக்காரர் கூட்டமும் குறைந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதியை நாம்தான் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் புது மூட்டும் விறைத்துப்போகும். அந்த மீதிப் பாதியைப் பற்றியதே இந்தப் பாடம்.

முதலில் கொஞ்சம் விவரம்

தேய்ந்த எலும்பின் முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, மேலும் கீழும் உலோகமும் நடுவில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக்கும் பொருத்துவதுதான் இந்த ஆபரேஷன். இன்று செய்யப்படும் முறைக்கு அடித்தளமான மூட்டு 1974-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கிய மருத்துவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு மும்பையில் ஒரு முட்டியை 2000 அக்டோபரிலும், இன்னொரு முட்டியை 2001 ஜூனிலும் மாற்றியவரும் அவரே. அதன் பிறகுதான் நம் மக்கள் பலருக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே தெரிய வந்தது.

அப்போது இது பணக்காரர் வைத்தியமாக இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி மூட்டுக் கருவிக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற சாதாரண வகை மூட்டின் விலை 54,720 ரூபாயாக (வரி தனி) இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் செய்யப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றுடன் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முட்டிவலி வந்த பிறகு ஓடாமல் இப்போதே அட்டையை எடுத்து வைப்பது நல்லது.

புது மூட்டு எத்தனை காலம் உழைக்கும்? பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதன்படி, முழு மூட்டு மாற்றியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 82 மூட்டுகள் 25 ஆண்டு கடந்தும் உழைக்கின்றன. ஆகவே அறுபது வயதில் மாற்றினால் பெரும்பாலும் ஆயுசுக்கும் வரும்.

ஆறு வாரத்துக்கு அப்புறம்தான் ஆபத்து!

முதல் ஆறு வாரம் எல்லோருக்கும் பயம் இருக்கும். வாக்கர் பிடித்து நடப்போம், சொன்னதைச் செய்வோம். ஆறு வாரம் ஆனதும் புண் ஆறிவிடும், கைத்தடியோடு நடக்க வந்துவிடும். அப்போது இரண்டு விதத் தப்பு நடக்கிறது.

ஒன்று: "நடக்க வந்துருச்சுல்ல, இன்னும் எதுக்கு எக்சர்சைஸ்?" என்று பயிற்சியை நிறுத்திவிடுவது.

இரண்டு: "வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிடுறான்னு சொல்லுவாங்க" என்று பயந்து, குடம் தூக்க, மாட்டுக்குக் குனிய, களை எடுக்கப் போய்விடுவது.

இரண்டுமே முட்டியைக் கெடுக்கும். காரணம் என்ன தெரியுமா? ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் பலத்தில் பாதியையாவது இழந்துவிடுகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். வீட்டு வேலை செய்தால் உடம்பு களைக்கும், ஆனால் அந்தத் தசைக்குத் தேவையான பயிற்சி கிடைக்காது. அதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்தால்தான் பலம் திரும்பும். அதோடு, முட்டிக்குள் தழும்பு கட்டிக்கொண்டே வரும். மடக்கி நீட்டாமல் விட்டால் அது இறுகிவிடும். மூன்று மாதத்துக்குள் கிடைக்க வேண்டிய மடக்கத்தைப் பிறகு வாங்குவது ரொம்பக் கஷ்டம். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டிய நிலைமை வந்துவிடுகிறது.

எவ்வளவு மடங்கினால் போதும்?

'ட' என்ற எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல மடங்கினால் 90 டிகிரி. நாற்காலியில் உட்காரவும், படி ஏறவும் குறைந்தது அவ்வளவு வேண்டும். தாழ்வான இருக்கையில் இருந்து எழ அதற்கும் மேல் வேண்டும். பலருக்கு 110 முதல் 120 டிகிரி வரை வரும். ஆபரேஷனுக்கு முன்பே முட்டி ரொம்ப விறைப்பாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறையும். அடுத்த வீட்டு அக்காவோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

மடக்குவதைப் போலவே நீட்டுவதும் முக்கியம். கால் முழுசாக நேராக வராவிட்டால் நடை விந்தி விந்தி இருக்கும், இடுப்பும் வலிக்கும். அதனால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கால் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டிய பயிற்சிகள்

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டையும், டாக்டரோ இயன்முறை மருத்துவரோ (பிசியோதெரபிஸ்ட்) சொன்னதையும் முதலில் பாருங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேட்க வேண்டும். பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு சொல்லித் தரும் பயிற்சிகள் இவை. ஒவ்வொன்றும் 10 தடவை. காலை, மதியம், மாலை என மூன்று வேளை. ஒரு வேளைக்கு இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் ஆகும்.

1. முட்டியை நேராக்குதல்: கட்டிலில் காலை நீட்டிக்கொள்ளுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். தொடையை இறுக்கி, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள்.

2. குதிகாலை இழுத்தல்: மல்லாந்து படுத்து, குதிகாலைக் கட்டிலில் தேய்த்தபடி பிட்டத்தை நோக்கி இழுங்கள். வராவிட்டால் ஒரு பழைய சேலையைப் பாதத்தில் மாட்டி, இரண்டு கையாலும் மெல்ல இழுக்கலாம். இழுத்த இடத்தில் ஐந்து எண்ணுங்கள்.

3. காலைத் தூக்குதல்: ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடக் கூடாது.

4. நாற்காலியில் நீட்டி மடக்குதல்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணுங்கள். பிறகு இறக்கி, பாதத்தை நாற்காலிக்கு அடியில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு கொண்டு போங்கள். நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து மெல்லப் பின்னால் தள்ளி உதவலாம்.

5. உட்கார்ந்து எழுதல்: சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி உள்ள, உயரமான நாற்காலியில் இருந்து எழுந்து, மறுபடி மெதுவாக உட்காருங்கள். முதலில் கைப்பிடியைப் பிடிக்கலாம். பலம் வர வர ஒரு கையை விடுங்கள், பிறகு இரண்டையும் விடுங்கள். பாரம் முழுவதும் நல்ல காலுக்கே போகாமல் இரண்டு காலிலும் சமமாக ஊன்ற வேண்டும். இதுதான் உண்மையான பலப் பயிற்சி.

6. குதிகால் எம்புதல்: ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் பலப்படும்.

7. ஒரு படி ஏறி இறங்குதல்: எட்டாவது வாரம் வாக்கில், இயன்முறை மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். கைப்பிடி உள்ள, உயரம் குறைந்த ஒரே ஒரு படியில், ஆபரேஷன் காலை மேலே வைத்து ஏறி, நல்ல காலைப் பின்னால் இறக்குங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணைப் படியும் நிலைப்படியும் உயரம் அதிகம். அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

இது பயிற்சிக்கு மட்டும். பலம் வரும்வரை சாதாரணமாகப் படி ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே. இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் கீழே. "நல்லது மேலே, நோவு கீழே" என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நடை: தெருவிலே பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று தொடங்குங்கள். வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் மூன்று மாதம் முடியும்போது ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கலாம். கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதைப் பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். விந்தாமல் நடக்க வரும்வரை தடியை விடாதீர்கள். தடி பிடிப்பதில் வெட்கம் எதற்கு? விழுந்து எலும்பு முறிந்தால்தான் கஷ்டம்.

வலிச்சா நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், அளவு பார்க்க வேண்டும். பயிற்சி செய்யும்போது இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி இருக்கும். ஓரிரு மணி நேரத்தில் அது அடங்கினால் சரியான அளவு. மறுநாள் காலையில் வீக்கமும் வலியும் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். அன்றைக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியோடு விட்டுவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை நீட்டி உயரமாக வைத்திருங்கள். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளலாம். மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சில விஷயங்கள் பயமுறுத்தும், ஆனால் சாதாரணமானவை. சாயங்காலம் ஆனால் வீங்குவது, முட்டி வெதுவெதுப்பாக இருப்பது, 'டக் டக்' என்று சத்தம் கேட்பது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது, இரவில் தூக்கம் கெடுவது. வீக்கமும் சூடும் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம். மரத்துப்போன இடம் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அதனால் கெடுதல் இல்லை. முழுசாகத் தேற ஒரு வருடம் ஆகும்.

இவை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

- காய்ச்சல், குளிர், முட்டி சிவந்து வலி கூடிக்கொண்டே போவது, தழும்பில் நீரோ சீழோ கசிவது.
- கெண்டைக்கால் வீங்கி, இறுகி, தொட்டாலே வலிப்பது. இது ரத்தம் உறைவதாக இருக்கலாம்.
- விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சீழ் கசிந்தால் மஞ்சள் பற்றுப் போடுவதும், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது. கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மாத்திரையையோ ஊசியையோ ஒரு நாளும் விடக் கூடாது. எண்ணெய் போட்டு முட்டியைப் பிடித்து முறுக்கி நீவிவிடும் வைத்தியமும் வேண்டாம். பல் பிடுங்கப் போனால், முட்டி மாற்றியிருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம்

"மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் ஆகாது" என்று கஞ்சியும் துவையலுமாகக் கொடுக்கிறார்கள். தசை வளரப் புரதம் வேண்டும். முட்டை, கண்மாய் மீன், பால், பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, கீரை எல்லாம் சாப்பிட வேண்டும். ஆனால் எடை கூடக் கூடாது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"தரையில உக்காரலாமா?"
குந்தி உட்காருவதும் சம்மணம் போடுவதும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள டாய்லெட் நாற்காலி வாங்கிப் போடலாம். அடுப்பை மேடைக்கு ஏற்றுங்கள். காய் நறுக்க அரிவாள்மனைக்குப் பதில் கத்தி போதும்.

"எப்ப வேலைக்குப் போகலாம்?"
நின்று சமைப்பது, துணி மடிப்பது போன்றவை ஆறு வாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம். வயல் வேலைக்கு மூன்று மாதத்துக்கு முன் போகவே கூடாது. பிறகும் டாக்டரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். குந்தி நடுகிற, பாரம் சுமக்கிற வேலையை மாற்றிக்கொள்வதே நல்லது.

"தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்கலாமா ஆத்தா?"
முதல் வருடம் வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்! அடுத்த வருடம், தினமும் ஒரு மணி நேரம் வீக்கமில்லாமல் நடக்க வந்த பிறகு டாக்டரைக் கேளுங்கள். பஸ்ஸில் போய்க் கும்பிட்டாலும் கும்பிட்டதுதான்.

"விழாம இருக்க என்ன செய்யணும்?"
ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும். ஊருணிப் படியில் பாசி இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். வார் வைத்த, தேயாத செருப்புப் போடுங்கள்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

ஒரு நாளைக்கு மூன்று வேளை, அரை அரை மணி நேரம். கேட்கக் கொஞ்சமாகத் தெரிகிறது. ஆனால் நம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? மகன் ஆபரேஷன் செய்து கிடந்தால் ஆறு மாதம் தாங்குகிறோம். அம்மா கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கி இறக்கினால், "வேலை பாக்காம காலை ஆட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்கிறோம். மருமகள் சொல்வதற்கு முன்னால் நாமே நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். லட்ச ரூபாய் வைத்தியம் வீணாவது இந்த இடத்தில்தான்.

பயிற்சியும் மருந்துதான். மாத்திரை போடுவதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. அதே போலத்தான் இதுவும். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். பேத்தியை எண்ணச் சொல்லுங்கள்: "அப்பத்தா, இன்னும் நாலு!"

குழு என்ன செய்யலாம்?

- கூட்டத்துக்கு இரண்டு நாற்காலி போடுவோம். "பெரியவங்க கீழ உக்காந்திருக்கும்போது நான் எப்படி மேல உக்கார?" என்று கூச்சப்படுபவரை நாமே கையைப் பிடித்து உட்கார வைப்போம்.
- ஆபரேஷன் ஆன உறுப்பினருக்கு மூன்று மாதம் வருகைக் குறைவுக்கு அபராதம் இல்லை, அசல் தவணையில் சலுகை உண்டு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். கடன் தவணைக்குப் பயந்துதான் பலர் சீக்கிரம் வேலைக்கு ஓடுகிறார்கள்.
- வாரம் இரண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். பழம் வாங்கிப் போவதோடு, "இன்னைக்கு எத்தனை தடவை செஞ்சீங்க?" என்றும் கேட்போம். காலண்டரில் வேளைக்கு ஒரு கோடு போடச் சொல்வோம். மாலை நடைக்குத் துணைக்குப் போவோம்.
- 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அந்தத் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். அவரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்துவிடுங்கள். சந்தேகம் கேட்க 104-க்கும் போன் செய்யலாம்.
- ஆறு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று டாக்டர் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போகத் துணை ஏற்பாடு செய்வோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடும்பம், குழு, கடன், சேமிப்பு எல்லாமே நாம் எழுந்து நடமாடினால்தான்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள்:
1. நம் குழுவில் முட்டி ஆபரேஷன் செய்தவர் யார், செய்ய இருப்பவர் யார்?
2. அவர்கள் வீட்டில் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறதா?
3. எல்லோரிடமும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?
4. இந்த மாதம் அவர்களைப் பார்க்கப் போவது யார் யார்?

சிந்திப்போம், செயல்படுவோம்!